நுரையின் வரலாறு

இத்தாலியின் செந்நிற நுரைமதுவான லம்புருஸ்கோவில் தோடம்பழச் சாறு கலந்து, பண்டிகை விருந்தில் குளிரக் குளிரப் பரிமாறும் வழக்கம் மேனாட்டாரிடையே உண்டு. அந்த நுரையை நாகரிகத்தின் சின்னமென நம்மவரும் மதிக்கின்றனர். நெடுந்தீவின் பனைமுட்டிகளில் பொங்குவதும் அதே நுரைதான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரான டெல்ஃப்டின் பெயரை இத்தீவுக்குச் சூட்டினர். தீவின் பானத்தைத் தந்தவரோ சீவல் தொழிலாளர். தளநார் பூட்டிப் பனையேறி, பாளை சீவி, முட்டி கட்டியவர் அவர்கள். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பநீர் கிடைக்கும், தடவாவிடின் கள். மதுவம் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை மதுசாரமாகவும் வாயுவாகவும் மாற்றுகிறது; நுரை அவ்வாயுவினால் எழுவது. பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டில் விளக்கிய இவ்வுண்மை திராட்சைக்கும் பனைக்கும் பொதுவானது.

சாதிச் சமூகமோ பனையோலைப் பிளாவில் கள்ளைச் சுவைத்துப் பருகியது. அதை இறக்கியவரைத் தீண்டத்தகாதவரென ஒதுக்கிக் கோயிற் கதவையும் அடைத்தது. அக்கதவைத் திறக்கக் கோரி 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. மரத்தின் பயனைப் போற்றும் நாம், மரமேறும் மனிதனின் மாண்பையும் போற்றக் கற்றல் வேண்டும்.