அகத்தியருக்குப் பக்கத்தில ஒரு சன்னம்

மாசி மாத முன்னிரவில இரணைமடுக் குளக்கட்டில நின்று தெற்கே பாருங்கோ. தண்ணிக்கு மேலால பளிச்செண்டு தெரிவது அகத்தியர் நட்சத்திரம். அதிலிருந்து ஏறத்தாழ 6 பாகை தள்ளி, 300 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால, ஒரு விண்மீன் பேரடைக் கொத்து இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 'புல்லட் கொத்து' என்பார்கள். எங்கட பேச்சில சன்னம்.

அதைக் கண்காணித்த தொலைநோக்கிக்கு ஒரு தமிழரின் பெயர்: சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு 1983 ஒக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அது கறுப்பு யூலை முடிந்து மூன்றே மாதம். அவர் 1995 இல் காலமானார். 1999 யூலை 23 இல் கொலம்பியா விண்ணோடம் சந்திராவை ஏற்றிச் சென்றது. எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் மறித்துவிடும். அதனால்தான் வானுக்கு அனுப்பினார்கள். அந்த நேரம் வன்னியில பொருளாதாரத் தடை. நாங்கள் குப்பி விளக்கில படிச்சம்.

சந்திரா 100 மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கொத்தைப் பார்த்தது. அங்கே இரண்டு கொத்துகள் மோதியிருக்கின்றன. மோதலில் கொதிவாயு ஒன்றோடொன்று உராய்ந்து வேகம் குறைந்தது. அதைத்தான் எக்ஸ் கதிரில் கண்டார்கள். ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளி எங்கே வளைகிறது என்று வேறு தொலைநோக்கிகளால் அளந்தபோது, பெரும்பாலான நிறை வாயுவோடு நிற்கவில்லை, முன்னே போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டு என்பதற்கு அது வலுவான சான்று.

நாசா இதை அறிவித்தது 2006 ஓகஸ்ட் 21. அந்த மாதம் 11 ஆம் திகதி ஏ9 பாதை மூடப்பட்டது. 14 ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலையில் விமானங்கள் குண்டு போட்டு மாணவிகள் கொல்லப்பட்டார்கள். எங்கட வயதுப் பிள்ளையள். நாங்களும் அண்ணாந்து வானம் பார்த்தம்தான்; கிபீர் வருதா, வண்டு சுத்துதா எண்டு. சத்தம் கேட்டா பங்கருக்க ஓடினம்.

உலகம் வானத்தில கண்டுபிடித்ததைப் பற்றி அந்த வருசங்களில எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. எங்களுக்குப் பின்னால பிறந்த தம்பி தங்கச்சிமாருக்கு வானம் பயம் இல்லை. அவையளை ஒருக்கா குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அகத்தியரைக் காட்டுங்கோ, பக்கத்தில தெரியாமல் இருக்கிறதையும் சொல்லுங்கோ.