கடல் தந்த சுவர்கள்

நெய்தல் நிலத்தின் வரலாறு முத்தாலும் மரக்கலத்தாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. கொற்கை முத்தின் புகழும், 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியாரின் பணியும், 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிய செய்தியும் நூல்களில் விரிவாக இடம்பெற்றுள்ளன. ஆனால் முத்துக் குளித்தோரும் அதனை விற்றோரும் எத்தகைய சுவர்களுக்குள் வாழ்ந்தனர் என்பது பெரிதும் பேசப்படவில்லை. மனிதன் தன் உறைவிடத்தை எப்பொருளால் சமைக்கிறான் என்பதும் வரலாறே. தூத்துக்குடிக் கரையில் அவ்வரலாறு கடலுக்கடியில் தொடங்குகிறது.

நகருக்கு வடக்கே, உப்பளங்களை அடுத்துக் கிடக்கும் மாப்பிள்ளையூரணியின் பெயரிலேயே இந்நிலத்தின் இயல்பு பொதிந்துள்ளது. ஊரணி என்பது ஊரார் உண்ணுநீருக்கென வெட்டிய குளம். உவர் பூத்த நிலத்தில் நன்னீர் நின்ற இடமே குடியிருப்பு எழுந்த இடம். நீரைப் போலவே கட்டுமானப் பொருளும் இங்கு எளிதில் கிட்டியதில்லை. உவர் ஏறிய செங்கல் பொரிந்து உதிரும். கருங்கல்லோ தொலைவிலிருந்து வரவேண்டும். எனவே எளியோர் பனையை நம்பினர். பனையோலை கூரையாயிற்று, பனைமரம் தூணும் கைமரமும் ஆயிற்று. வசதி படைத்தோர் கடலை நாடினர்.

மண்டபம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாக அமைந்த 21 தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. அவற்றைப் பெயர்த்துத் தோணிகளில் ஏற்றிக் கரை சேர்த்தனர். ஈரம் உலராத பவளக்கல் உளிக்கு எளிதில் இணங்கும், காய்ந்தபின் இறுகும். கல்லாகப் பயன்படாதவை காளவாசலில் சுடப்பட்டுச் சுண்ணாம்பாயின. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் செக்கிலிட்டு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் கலந்து சாந்து செய்தனர். பூசிய சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. பவள உயிரி கடலில் செய்த வேலையைச் சுவரின்மேல் காற்று இரண்டாம் முறை செய்கிறது. இரும்பு கலவாத இச்சுவரில் துருவேற இடமில்லை. உள்ளேறிய ஈரமும் நுண்துளைகளின் வழியே வெளியேறிவிடும். முற்றமும் திண்ணையும் தடித்த வெண்சுவரும் கூடிய இல்லத்தின் குளிர்ச்சி இவ்வாறு அமைந்தது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களில், பூச்சு உதிர்ந்த இடங்களில், பவளக்கல்லின் பூவேலை போன்ற உட்புறத்தை இன்றும் காணலாம்.

இவ்வழகுக்கு ஒரு விலை இருந்தது. ஒரு குடும்பம் தன் வீட்டுக்கெனக் கல்லெடுத்தவரை கடல் அதனைத் தாங்கியிருக்கக்கூடும். தொழிற்காலம் வந்தபோது நிலை மாறிற்று. 1908இல் வ.உ. சிதம்பரனார் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்த ஆலையின் பெயரே ‘கோரல் மில்’, அதாவது பவள ஆலை. இக்கரையின் அடையாளம் எதுவென்று அப்பெயர் காட்டுகிறது. பின்னர்ச் சுண்ணாம்புக்கும் ஆலைகளின் மூலப்பொருளுக்கும் பவளம் பெருமளவில் அகழப்பட்டது. பவளப்பாறை அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண். அரண் குலைந்ததும் தீவுகள் கரையத் தொடங்கின. தூத்துக்குடித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த விலங்குசல்லியும், கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவு தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. எஞ்சியதைக் காக்க அதன் அருகே செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. 1986இல் வளைகுடாவின் தீவுப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. கடலிலிருந்து கல்லெடுப்பது அத்துடன் குற்றமாயிற்று.

தடை நியாயமானது. எனினும் பவளக்கல்லின் இடத்தை நிரப்பிய கம்பிக் கான்கிரீட் இக்கரையின் இயல்பறிந்து வந்த பொருளன்று. உப்புக் காற்று கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருவேற்றுகிறது. துருவேறிய கம்பி பருத்து, காறையை வெடிக்கச் செய்கிறது. மெல்லிய கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வீட்டினுள் இறக்குகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையெங்கும் எழுந்த குடியிருப்புகளுள் பலவும் இவ்வகையினவே. வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் கூடிப் பேசவும் இடந்தந்த முற்றமும் திண்ணையும் அவ்வரைபடங்களில் பெரும்பாலும் விடுபட்டன.

நவீனக் கட்டடக்கலை எங்கும் இவ்வாறே நடந்துகொள்ளவில்லை. தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றிச் சென்ற கொழும்பில், 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஏனா டி சில்வா இல்லம், இலங்கையின் பழைய முற்றத்தையும் தாழ்ந்த ஓட்டுக்கூரையையும் நகர வாழ்வுக்கு மீட்டுத் தந்தது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் 1970களில் அமைத்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகம், பூச்சற்ற செங்கல் சாளரங்களின் வழியே காற்றை அழைத்தது. இருவரும் பழைமையை நகலெடுக்கவில்லை. இடத்தின் வெயில், மழை, கைவினைஞர் திறன் ஆகியவற்றிலிருந்து வடிவத்தைக் கண்டனர்.

தூத்துக்குடிக்கும் அத்தகைய தேடல் உரியது. 1979இல் மின்னாக்கத்தைத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் இன்று கல்லாக வார்க்கப்பட்டு வீடுகளின் சுவராகிறது. சாம்பல் தானாகக் கல்லாவதில்லை. சுண்ணாம்போ சிமெண்டோ சேர்ந்தால்தான் இறுகும். புதிய கல்லுக்கும் பழைய சாந்தின் வேதியியலே துணை நிற்கிறது. ஆயினும் சாம்பலும் குற்றமற்ற பொருளன்று. காற்றுக்கும் நிலத்துக்கும் அதனாலும் கேடுண்டு. ஒவ்வொரு சுவரும் எங்கோ ஓரிடத்தைக் குறைத்தே எழுகிறது என்பதை இக்கரையின் வரலாறு தெளிவாகக் கற்பிக்கிறது.

எஞ்சியுள்ள பவளக்கல் வீடுகளைக் காணும்போது இப்பாடம் கூர்மை பெறுகிறது. அவற்றுள் ஒன்று இடிபடின் அதனை மீண்டும் எழுப்ப இயலாது; கடலில் கல்லெடுக்கச் சட்டமும் இடந்தராது, அறமும் இடந்தராது. இடிபாடாக அள்ளிக் கொட்டப்படுவது பல தலைமுறைக் காலம் கடலில் வளர்ந்த பொருள். அவ்வீடுகளை அளந்து வரைபடமாக்குவதும், சாந்தரைக்கத் தெரிந்த கொத்தனார்களின் அறிவைக் குறித்துவைப்பதும் கட்டடக் கலைஞரின் கடமை. அச்சுவர்களுக்குள் வழங்கிய சொற்களை, அவற்றுக்குரிய பொருள் மறையுமுன் ஏட்டில் ஏற்றுவது புலவரின் கடமை. இவ்விரண்டும் நடந்தால், முத்தைப் போற்றிய வரலாறு முத்துக் குளித்தவரின் வீட்டையும் அறியும்.