வல்லம் வடகால்: இரு வகை வீடுகளும் ஒரே கழிவுநீரும்

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த தொழிலாளர் குடியிருப்பு 20 ஏக்கரில், 706.50 கோடி ரூபாயில் எழுந்தது. 13 அடுக்ககங்கள், அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 படுக்கைகள். ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கானது இது. இதை அரசின் கொடையாக மட்டும் எழுதுவோர் 2021 டிசம்பரை மறந்துவிடுகிறார்கள். அந்த ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பகுதி விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அதன் பிறகே தொழிலாளர் தங்குமிடம் பொதுப் பேச்சுக்கு வந்தது.

வரைபட ஒப்புதலும் உரிமமும் உடையது முறைசார் குடியிருப்பு. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தடத்துக் கிராமங்களில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் ஒற்றை அறைகளும், பட்டா இல்லாத புறம்போக்கு வீடுகளும் முறைசாராதவை என்று வகைப்படுத்தப்படுகின்றன. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது சட்டத்துக்கு வசதி. உண்மையில் முன்னது உரிமையாளருக்கு வருமானம், பின்னது குடியிருப்போருக்குக் கடைசிப் புகலிடம்.

சுற்றுச்சூழல் கணக்கும் இந்தப் பிரிவினையைப் பின்பற்றுகிறது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு இருந்தால்தான் முன் அனுமதி தேவை. பத்து அறைக் கட்டடம் ஒன்று அந்த எல்லைக்கு அருகில்கூட வராது. அத்தகைய கட்டடங்கள் நூறு சேர்ந்தாலும் அவற்றின் கூட்டுத் தாக்கத்தை எவரும் மதிப்பிட வேண்டியதில்லை. நகர்ப்புறக் குடிநீர் வடிவமைப்பில் வழங்கும் அளவான தலைக்கு 135 லிட்டரை வைத்துப் பார்த்தால், 18,720 பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும். பெரிய குடியிருப்பில் இந்தக் கணக்கைக் கேட்க ஒரு கோப்பாவது இருக்கும். வாடகை அறைகளின் கழிவுநீர் மலக்குழிக்கும், அங்கிருந்து லாரிக்கும் போகிறது. லாரி எங்கே கொட்டுகிறது என்பதற்குப் பதிவேடு கிடைப்பது அரிது. இந்த வட்டத்தின் ஏரிகள் வழியாகத்தான் செம்பரம்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் நீர் சேர்கிறது.

மலக்குழிக்குள் இறங்குபவர் யார் என்பது சாதிக் கேள்வி. வாடகைக்கு இருப்போரையும் அது விடுவதில்லை. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு குடியிருப்பின் மலக்குழியில் ஆறு பேர் மூச்சுத்திணறி இறந்தனர். வீட்டு உரிமையாளர் குடும்பத்தினரும் வாடகைக்கு இருந்த தொழிலாளர்களும் அவர்களில் இருந்தனர். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் மலக்குழி துப்புரவு செய்ய ஆளை அமர்த்தும் தனிநபரையும் உள்ளாட்சியையும் ஒப்பந்ததாரரையும் ஒருசேரத் தடுக்கிறது. இத்தகைய மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

‘நீர்நிலை ஆக்கிரமிப்பு’ என்ற சொல் மட்டும் ஏழையின் வீட்டு வாசலுக்குத் தவறாமல் வந்து சேர்கிறது. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அதற்கான கருவி. சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டோர் பெரும்பாக்கத்துக்கு, அதாவது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளக்காட்டுக்கு அனுப்புவது! வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது; இடம் மாறவில்லை.

இந்தத் தடத்தில் இன்னொரு கணக்கும் தீர்க்கப்படாமல் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையை அடுத்துப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்ட பழைய செங்கல்பட்டு மாவட்டம் இது. தொழிற்பூங்காக்களுக்கு நிலம் எடுக்கப் பயன்படும் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கேட்பதில்லை. அந்தச் சட்டத்துக்கு உயிர்கொடுத்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் ஏற்றது. பட்டா வைத்திருப்பவர் இழப்பீட்டுப் பட்டியலில் எளிதாக இடம்பெறுகிறார். அதே நிலத்தில் கூலிக்கு உழைத்தவரையும், ஏரிக்கரையில் குடிசை போட்டவரையும் கண்டு பதியும் கட்டம் அந்த மதிப்பீடுதான்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊராட்சியிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் மூன்றைக் கேட்கலாம்: வாடகைக் கட்டடங்களின் கட்டட அனுமதி, 2014-ஆம் ஆண்டு மகளிர் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வழங்கிய உரிமங்கள், கழிவுநீர் லாரிகள் கொட்டும் இடம். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டின் நகலையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். அந்த நிலத்தின் பழைய வகைப்பாடு அதில் எழுதியிருக்கும்.