புல்லட்டின் ஒலி

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரைக் கவர்வது எது என்று வினவினால், வேகம் என்பர் சிலர். முகத்தில் மோதும் காற்று என்பர் வேறு சிலர். ஒலி என்பேன் நான். ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்கு என் தந்தையாரின் பின்னே அமர்ந்து சென்ற இளமை நாட்களில் நெஞ்சில் பதிந்தது புல்லட் வண்டியின் ஒலியே.

அவ்வொலிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிய அதே 1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளைப் பொருத்தினர். பின்னர் அவற்றை இங்கேயே செய்யக் கற்றனர்.

ஒலியின் காரணம் எளிது. அக்காலப் புல்லட்டின் எஞ்சினில் சிலிண்டர் ஒன்றே. அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரமோ 90 மில்லிமீட்டர். இரு சுழற்சிக்கு ஒருமுறையே எரிபொருள் வெடித்தது. ஓட்டம் நீண்டதாதலின் எஞ்சின் நிதானமாகச் சுழன்றது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே செவியில் விழுந்தது.

1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் தாய் நிறுவனமே மறைந்தது. சேய் பிழைத்தது. 1977இல் திருவொற்றியூரில் செய்த வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின!

முதுமையில் என் தந்தையாருக்குப் பார்வை மங்கிற்று. ஆயினும் தெருவில் பழைய புல்லட் ஒன்று கடந்தால் நிமிர்ந்து அமர்வார். "டாப்பெட் தளர்ந்திருக்கிறது, பார்க்கச் சொல்" என்பார். வண்டி அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருக்கும்.