கிளாஸ் வைக்கக் கூடாத பியானோ

ஃப்ரெடி மெர்க்குரி தன் பியானோவின் முன் உட்கார்ந்து சிகரெட் பிடிக்க மாட்டார். அதன்மேல் கிளாஸ் வைக்க மாட்டார். மற்றவர்களையும் வைக்க விட மாட்டார். விருந்தும் கூத்துமாக வாழ்ந்த மனிதருக்கு இது பெரிய கட்டுப்பாடுதான்.

சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்தவர் அவர். மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோது பியானோ பழகினார். லண்டனில் 'குயின்' குழுவின் பாடகராகி, 1975-இல் இந்த யமஹா பேபி கிராண்ட் பியானோவை வாங்கினார். வந்து இறங்கியது, காதலி மேரி ஆஸ்டினோடு குடியிருந்த சின்ன ஃபிளாட்டில். குயினின் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டு உருவானது இதன் முன்னால்தான். அந்தப் பாட்டை எழுதிப் பார்த்த தாள்களும் பின்னால் வெளிவந்தன. ஒரு விமான நிறுவனத்தின் தாளில் முதலில் 'மங்கோலியன் ராப்சடி' என்று எழுதி, அடித்துத் திருத்தியிருக்கிறார்!

காதல் முறிந்தது, நட்பு முறியவில்லை. லண்டனின் கென்சிங்டனில் ஃப்ரெடி வாங்கிய 'கார்டன் லாட்ஜ்' வீட்டுக்குப் பியானோவும் போனது. 1991 நவம்பர் 24 அன்று, 45 வயதில், எய்ட்ஸ் பாதிப்பால் அதே வீட்டில் ஃப்ரெடி இறந்தார். வீட்டையும் உள்ளே இருந்தவற்றையும் மேரிக்கு எழுதி வைத்திருந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் மேரி அதை ஏறக்குறைய அவர் விட்டுப்போன மாதிரியே வைத்திருந்தார். பிறகு, தன் காலத்திலேயே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடலாம் என்று முடிவெடுத்தார்.

2023 ஆகஸ்டில் சோதபீஸ் ஏல நிறுவனம் விற்பனைக்கு முன் அந்தப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். செப்டம்பர் 6 மாலை முதல் ஏலம். இருபது முப்பது லட்சம் பவுண்டு எதிர்பார்த்த பியானோ 17 லட்சத்துச் சொச்சத்துக்குத்தான் போனது. ஆனால் மீசை சீவும் வெள்ளிச் சீப்பு ஒன்று! ஐந்நூறு பவுண்டு பெறும் என்று நினைத்தது, 1 லட்சத்து 52 ஆயிரத்துக்குப் போனது. பியானோவையாவது வாசிக்கலாம், அந்தச் சீப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ.

ஏலத்தை ஒட்டி, குயின் கிட்டார் கலைஞர் பிரையன் மே இன்ஸ்டாகிராமில் வருத்தத்தைக் கொட்டினார். நண்பனின் அந்தரங்கமான பொருட்கள் அதிக விலை கேட்பவர்களிடம் போய்ச் சிதறுவதைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்றார்.

மேரியை யாரும் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொந்தமானதை அவர் விற்றார். மொத்தம் கிட்டத்தட்ட 4 கோடி பவுண்டு வந்தது. ஒரு பகுதி எய்ட்ஸ் அறக்கட்டளைகளுக்குப் போனது. ஆனாலும் மேயின் வலி எனக்குப் புரிகிறது. எது எங்கே இருக்க வேண்டும், எதன்மேல் எதை வைக்கக் கூடாது என்பதெல்லாம் ஃப்ரெடியின் ரசனை. ஏல எண் ஒட்டித் தனித்தனியாகப் பிரித்தபோது குலைந்தது அதுதான்.

ஃப்ரெடி தானே பிரித்துக் கொடுத்ததும் உண்டு. அவர் இறந்த அடுத்த மாதம், கிறிஸ்துமஸ் அன்று, பாடகர் எல்டன் ஜான் வீட்டுக்கு ஒரு தலையணை உறை வந்தது. உள்ளே எல்டனுக்குப் பிடித்த ஓவியர் ஹென்றி ஸ்காட் டியூக்கின் படம். சாகக் கிடந்த நிலையிலும் நண்பனுக்கென்று தேடி வாங்கியிருக்கிறார்.