காற்றைத் துரத்தியவர்கள்

என் தமக்கை மகன் டெக்ஸாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற மாதம் அவனிடமிருந்து ஒரு விசித்திரமான வேண்டுகோள் வந்தது. "மாமா, சுழற்காற்றைத் துரத்திப் போய்ப் படம் பிடிக்கிற பைத்தியங்களுக்காகத் தமிழில் ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிக்கப் போகிறேன். முதல் வீடியோவுக்கு நீங்கள்தான் முன்னுரை எழுதித் தர வேண்டும். அம்மாவிடம் இப்போது சொல்லாதீர்கள்" என்று எழுதியிருந்தான்.

கதை எழுதுகிறவனிடம் முன்னுரை கேட்பது சகஜம். ஆனால் நான் பிறந்த ஊரில் பெருங்காற்று வந்தால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். காரை எடுத்துக்கொண்டு அதற்கு எதிரே போக மாட்டார்கள். இந்த ஆசை எங்கே, யாரிடம் தொடங்கியது என்று தெரிந்துகொள்ளாமல் பேனாவை எடுக்க மனம் வரவில்லை. பத்து நாள் அதையே படித்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் கடற்கரைக்கு வரும் புயல் வேறு, அமெரிக்கர்கள் டோர்னேடோ என்று சொல்லும் சுழற்காற்று வேறு. புயல் நூற்றுக்கணக்கான மைல் அகலமானது. நாட்கணக்கில் கடலில் நின்று நம்மை மிரட்டும். சுழற்காற்றோ இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கி, பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் காரியத்தை முடித்துக்கொண்டு மறைந்துவிடும். மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும், உயரத்தில் ஓடும் குளிர்காற்றும் டெக்ஸாஸ், ஓக்லஹோமா, கன்ஸாஸ் சமவெளிகளின் மேல் வசந்த காலத்தில் சந்திக்கின்றன. அந்தச் சண்டையில் பிறப்பதுதான் இது. அந்த நாட்டில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல்! இருந்தும், ஒன்றைக் கண்ணால் காண வேண்டுமானால் அது இறங்கப்போகும் இடத்தை ஊகித்து, முன்னதாகவே போய்க் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருக்கப் போன முதல் சிலரில் ஒருவர் டேவிட் ஹோட்லி. வட டகோடா மாநிலத்தில் பிஸ்மார்க் நகரத்துப் பையன். 1956-ம் வருஷம் அந்த ஊரில் அடித்த காற்று அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் பல பத்தாண்டுகள் விடவேயில்லை. அவர் விஞ்ஞானி அல்லர். பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் காரை ஓட்டிக்கொண்டு சமவெளிக்குப் போனவர். 1977-ல் அவர் 'ஸ்டார்ம் டிராக்' என்ற சிறு பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். தம்மைப் போன்ற கிறுக்கர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கைதான் மூலதனம். படங்களையும் கேலிச் சித்திரங்களையும் தாமே வரைந்தார். மே மாதம் ஒருவர் கண்ட காற்றைப் பற்றி மற்றவர்கள் படிப்பதற்குள் அது எப்போதோ அடங்கிப்போயிருக்கும். அந்தத் தாமதத்தை அப்போது நான் பெரிதாக எண்ணவில்லை. பிற்பாடு பலமுறை எண்ணினேன்.

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. 1961-லேயே நீல் வார்ட் என்பவர் ஓக்லஹோமா நெடுஞ்சாலைப் போலீஸாரின் காரில் ஏறிக்கொண்டு புயல்மேகத்தைத் தொடர்ந்து போனார். 1973 மே 24-ந் தேதி யூனியன் சிட்டி என்ற சிற்றூரைச் சுழற்காற்று அழித்தபோது, ஒரு குழு அதைப் பிறப்பிலிருந்து மறைவு வரை படம் பிடித்தது. அதே சமயம் நார்மன் நகரத்து டாப்ளர் ராடாரும் அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்தையும் ராடார்ப் பதிவையும் ஒப்பிட்டபோது ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது: தும்பிக்கை மண்ணைத் தொடுவதற்கு முன்பே மேகத்துக்குள் சுழற்சி தொடங்கிவிடுகிறது; ராடாருக்கு அது தெரிகிறது! இன்று அங்கே ஊர்களுக்கு முன்கூட்டி அபாயச் சங்கு ஊதுகிறார்கள் என்றால் அதற்கு இந்த ஒப்பீடும் ஒரு காரணம். துரத்துவதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாமல் என்னைத் தடுத்தது இந்தச் செய்திதான்.

1980-களில் காற்றின் பாதையில் கொண்டுபோய் வைப்பதற்காகக் கருவிகள் நிரம்பிய கனமான பீப்பாய் ஒன்றைச் செய்தார்கள். பெயர் 'டோட்டோ'. பல வருஷம் அதைச் சுமந்து அலைந்தும் காற்று அதன் மேல் நேராக ஏற மறுத்துவிட்டது. 1996-ல் வந்த 'ட்விஸ்டர்' திரைப்படத்தில் அதன் தம்பி போன்ற பீப்பாய்க்கு வேலை கைகூடியது. சினிமாவில் எதுதான் கைகூடாது!

இனி வருவதைத்தான் பையனுக்கு முக்கியமாக எழுதினேன்.

1991 ஏப்ரல் 26-ந் தேதி, கன்ஸாஸ் மாநிலத்து நெடுஞ்சாலையில் ஒரு டெலிவிஷன் குழுவினர் சுழற்காற்றுக்கு அகப்பட்டுக்கொண்டார்கள். மேம்பாலம் ஒன்றின் அடியில், சரிவின் உச்சியில் போய் ஒடுங்கினார்கள். வேறு சில பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். காமிரா ஓடிக்கொண்டேயிருந்தது. காற்று இரைந்துகொண்டு போயிற்று; எல்லாரும் பிழைத்தார்கள். அந்தப் படத்தை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது. 'காற்று வந்தால் பாலத்தடியில் ஒதுங்கு' என்ற பாடம் யாரும் கற்பிக்காமலே ஜனங்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

பாடம் தவறு. அன்று வந்தது பலவீனமான காற்று. அவர்களுக்கு நேர்மேலாகவும் அது போகவில்லை. பாலத்தின் அடியோ குறுகிய சந்து. அதில் நுழையும் காற்றுக்கு வேகம் கூடும்; மேலே ஏற ஏற இன்னும் கூடும்; பலகையும் தகரமும் கத்தியாய்ப் பறந்து வரும். 1999 மே 3-ந் தேதி ஓக்லஹோமாவில் பெருங்காற்றுகள் வீசியபோது பலர் காரை நிறுத்திவிட்டுப் பாலத்தடிகளுக்கு ஓடினார்கள். மூன்று பாலங்களின் அடியில் மூன்று பேர் மாண்டார்கள். பலர் கோரமாகக் காயமடைந்தார்கள். படம் எடுத்தவர்கள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, நடந்ததைத்தான் காட்டினார்கள்.

அப்புறம் யூடியூப் 2005-ல் வந்தது. செல்போன் வழியே நேரடி ஒளிபரப்பும் வந்தது. ஹோட்லியின் வாசகர்கள் வாரக்கணக்கில் காத்திருந்ததை இன்றைய நேயர்கள் அந்த நொடியிலேயே பார்க்கிறார்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கை துரத்துகிறவர் கண்ணெதிரிலேயே ஏறுகிறது, இறங்குகிறது. பத்து மைலுக்கு அப்பாலிருந்து எடுத்த படத்தை யார் பார்ப்பார்கள்? இதில் நான் பிறரைக் குறை சொல்லத் தகுதியற்றவன். தொடர்கதை எழுதிய காலத்தில் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் கதாநாயகியை ஏதாவது ஓர் ஆபத்தில் தொங்கவிட்டவன்தான் நானும். ஆனால் என் கதாநாயகி காகிதத்தில் இருந்தாள்.

டிம் சமாரஸ் என்ற கொலராடோக்காரர், என்னைப் போலவே கல்லூரிப் பட்டம் இல்லாதவர். தாமாகவே கற்று எஞ்சினீயர் ஆனார். 2003 ஜூன் 24-ந் தேதி தெற்கு டகோடாவின் மான்செஸ்டர் என்ற குக்கிராமத்தருகே அவர் வைத்துவிட்டு ஓடிய கருவியின் மேல் சுழற்காற்று நேராக ஏறிச் சென்றது. காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததை அது பதிவு செய்தது. டோட்டோ பீப்பாயால் ஆகாததை அவர் சாதித்தார். துரத்துகிறவர்களுக்குள் மிகுந்த ஜாக்கிரதைக்காரர் என்று பெயரெடுத்தவர். 2013 மே 31-ந் தேதி ஓக்லஹோமாவில் எல் ரீனோ ஊருக்கருகே மழைத்திரைக்குள் ஒரு சுழற்காற்று 2.6 மைல் அகலத்துக்குப் பெருத்து, சட்டென்று திசை மாறி, வேகமும் எடுத்தது. அதற்குமுன் அவ்வளவு அகலமான சுழற்காற்றை யாரும் பதிவு செய்ததில்லை. அன்று சாலைகளில் துரத்துகிறவர்களின் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சமாரஸும், அவருடைய 24 வயது மகன் பாலும், கூட்டாளி கார்ல் யங்கும் அவர்களுடைய சிறிய காரோடு போனார்கள். படம் பிடிக்கப் போன உள்ளூர்க்காரர் ஒருவரும் போனார். தொழில் முறையில் துரத்துகிறவர்களைச் சுழற்காற்றே கொன்றதாக அறியப்பட்டது அதுதான் முதல் தடவை.

தகப்பனும் மகனும் ஒரே காரில். இந்த இடத்தில் என் தமக்கையின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை.

கடைசியில் முன்னுரை எழுதித்தான் அனுப்பினேன். 'போகாதே' என்று எழுதவில்லை. எழுதினால் கேட்கிற வயதா அவனுக்கு? கெண்டக்கியைச் சேர்ந்த ரயன் ஹால் என்ற இளைஞரைப் பற்றிச் சொன்னேன். அவர் அறைக்குள் உட்கார்ந்து, ராடார் படத்தையும் துரத்துகிறவர்கள் அனுப்பும் காட்சிகளையும் காட்டி, எந்த ஊர்க்காரர்கள் இப்போதே நிலவறைக்குள் இறங்க வேண்டும் என்று சொல்லுகிறார். அவரைப் பார்க்கவும் லட்சக்கணக்கில் ஜனங்கள் இருக்கிறார்கள். டல்லாஸிலும் அறைகள் உண்டு என்று ஒரு வரி சேர்த்தேன்.

நேற்று பதில் வந்தது. முதல் வீடியோவில் பாலத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறானாம். அதற்காக எந்த மேகத்தின் பின்னாலும் போக வேண்டியதில்லையாம். இரண்டாவது வீடியோவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அக்காவிடம் நானும் இன்னும் சொல்லவில்லை.