ஏற்காட்டுக் காப்பியும் இலைத்துருவும்

ஏற்காட்டுத் தோட்டமொன்றில், சில்வர் ஓக்கு மரநிழலில் நின்று, காப்பி இலையொன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறமெங்கும் செம்மஞ்சட் பொடி. மாணவ அன்பர்களே, 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, அந்நாட்டுக் காப்பித் தொழிலையே சாய்த்த இலைத்துரு நோய் அது!

சேர்வராயன் மலைக்கு 1820-களில் காப்பியைக் கொணர்ந்தவர், சேலம் மாவட்ட ஆட்சியர் காக்பர்ன். அராபிகாச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆதலின் தோட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே குடிப்பிறப்பு. ஒரு செடியை வென்ற பூஞ்சைக்கு மற்றவை எம்மாத்திரம்?

1911-இல் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்னும் தோட்ட உரிமையாளர், துருவுக்கு அசையாத செடியொன்றைத் தேர்ந்தெடுத்தார். நாளடைவில் அதன் வழித்தோன்றல்களும் நோய்க்கு இரையாயின. காரணத்தை 1932-இல் மேய்ன் என்னும் அறிஞர் விளக்கினார்: துருப்பூஞ்சையிலும் இனங்கள் பல, கென்ட் செடி தடுத்தது ஓரினத்தையே.

பின்னர், லைபீரிகா என்னும் வேற்றினத்தின் எதிர்ப்புத்திறன் இயற்கைக் கலப்பால் ஏறியிருந்த செடிவழியைக் கென்ட் வகையோடு கலந்து, பாலெஹொன்னூர் ஆய்வு நிலையத்தார் 1940-களில் எஸ். 795 வகையை அளித்தனர். அவ்வரணையும் கடக்கும் பூஞ்சையினங்கள் பிற்பாடு எழுந்தன. நான் திருப்பிப் பார்த்த இலை அவ்வகைச் செடியினதே.